கீழ்த்துறையில் எடுத்த தண்ணீர்

காலை ஆறு பத்து. முதலில் கண்ணில் பட்டவை இரண்டு கொம்புகள். எருமை முழுதாகத் தண்ணீருக்குள் கிடந்தது. கொம்பும் மூக்கும் மட்டும் வெளியே. அதைச் சுற்றிக்கொண்டு பசுக்களும் நாம்பன்களும் ஆற்றைக் கடந்தன. பதினேழு. நாலைந்து மாடுகள் நடு ஆற்றில் நின்று, செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, அவசரமில்லாமல் அடுத்த கரையில் ஏறின.

அங்கிருந்து நீரோட்டத்தோடு அறுபது அடி கீழே, முழங்கால் அளவு தண்ணீரில், காற்சட்டையை மடித்துவிட்டபடி எங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நின்றார். அவர் கையில் ஒரு கண்ணாடிப் போத்தல், மூடியின் மேல் வெள்ளித்தாள். கரையில் பள்ளிக்கூடத்து உடற்கல்வி ரீச்சர் நின்றார். மூன்றாவது ஆள் நான். ஸ்கூட்டியையும் அதன் பின்னால் கட்டியிருந்த பெட்டியையும் பார்த்துக்கொள்வது என் வேலை.

ஆறு என்று நான் எழுதுவது அதற்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இரணைமடுவிலிருந்து வயல்களுக்கு வரும் பெரிய வாய்க்காலில், வட்டக்கச்சிப் பக்கம், ஒரு சின்னத் துருசு, மதகு, இருக்கிறது. சிறுபோகத்துக்குத் துருசுக் கதவைத் திறந்தால் தண்ணீர் ஒரு பழைய ஓடையில் விழுந்து, மரங்களுக்கிடையில் வளைந்து போய், அரை மைல் தள்ளி வயலில் ஏறும். நாலு எட்டில் நடந்து கடக்கலாம். இரண்டு இடங்களில் மட்டும் நெஞ்சளவு ஆழம். அந்த இரண்டும் குளிக்கும் துறைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் முரசுமோட்டையிலிருந்தும் நகரத்திலிருந்தும்கூட ஆட்கள் வான் பிடித்து வருவார்கள். சவர்க்காரம், சோற்றுப் பார்சல், பாட்டுப் பெட்டி எல்லாம் கூடவே வரும். கதவை மூடினால் ஒரு கிழமைக்குள் ஆறு ஏழெட்டுக் குட்டைகளாகிவிடும்.

ரீச்சருக்கு வேண்டியது ஒரு கடிதம். பெண்பிள்ளைகளுக்கு அந்த ஆற்றில் நீச்சல் பழக்க வேண்டும், குறைந்தது மிதக்கவாவது பழக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். முந்தைய மாரியில் அவருடைய வகுப்புப் பிள்ளை ஒருத்தி, கிரவல் தோண்டிய கிடங்கில் மழைத்தண்ணீர் நின்றபோது, அதில் தாண்டு செத்துப்போனாள். கரையில் நின்ற மூன்று சிநேகிதிகளுக்கும் நீந்தத் தெரியாது. அவளுடைய அண்ணன்மார் இருவருக்கும் தெரியும். அவர்கள் அப்போது வயலில் நின்றார்கள். ரீச்சர் இதை ஒரே ஒரு தடவை, இதே ஒழுங்கில், எனக்குச் சொன்னார். பிறகு கடிதத்தைப் பற்றி மட்டுமே கதைத்தார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஆற்றில் இறக்குவதானால், தண்ணீர் குளிக்கத் தகுந்தது என்று சுகாதாரப் பகுதி எழுதித் தரவேண்டும் என்று கல்விக் கந்தோர் அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். பரிசோதகர் அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். ஒரே துறையில், ஒரு கிழமையாவது இடைவெளி விட்டு எடுத்த இரண்டு போத்தல்கள் தேறவேண்டும். துருசு மூட அப்போது ஐந்து கிழமை இருந்தது.

"போத்தலை ஒருக்காக் கழுவிப்போட்டு எடுங்கோவன், ஐயா," என்றார் ரீச்சர் கரையிலிருந்து.

"கழுவினா பழுதாப்போயிடும், ரீச்சர். இது ஊசிமாதிரி அவிச்ச போத்தல்."

"ஆத்துத் தண்ணியில கழுவினா உள்ளுக்க ஆத்துத் தண்ணிதானே இருக்கும்?"

பரிசோதகர் கொஞ்சம் யோசித்தார். "அது சரிதான். எண்டாலும் கழுவக்கூடாது."

அவர் போத்தலை அடிப்பக்கத்தில் பிடித்து, வாயைக் குப்புற வைத்து, முழங்கை வரை தண்ணீருக்குள் இறக்கினார். உள்ளே வைத்தே வாயை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பினார். போத்தலின் தோள்மட்டம் வரை நிரம்பியதும் எடுத்து மூடினார். மூடியின் உள்பக்கத்தில் விரல் படவே இல்லை. நாங்கள் வீட்டில் குடத்தை முக்கி எடுப்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிறகு சீட்டில் எழுதினார்: இடம், நேரம் ஆறு இருபத்திரண்டு, வானம் தெளிவு, குறிப்பு எதுவும் இல்லை.

அவர்கள் தேடுவது ஈ.கோலி என்ற பற்றீரியாவை. மாட்டின் குடலிலும் நம்முடைய குடலிலும் அது குடியிருக்கிறது. அதில் பெரும்பகுதி ஒன்றும் செய்யாத சாது என்றார் பரிசோதகர். ஆனால் அது தண்ணீரில் இருந்தால், குடலிலிருந்து வந்தது எதுவோ தண்ணீரில் கலந்துவிட்டது என்று அர்த்தம். கூட என்னென்ன வந்திருக்கும் என்பது பிறகுதான் தெரியும். நான் பல வருடம் பத்திரிகையில் செய்தி எழுதியவள். இந்த முறை எனக்கு உடனே பிடித்துப்போனது. ஆளைப் பிடிக்க முடியாவிட்டால் அவனுடைய செருப்பைக் கண்டுபிடிப்பது போன்றது இது.

நான் இந்த விஷயத்துக்குள் வந்தது பெட்டியால். போத்தல் ஆறு மணித்தியாலத்துக்குள், ஐஸில், நகரத்து ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டும். பரிசோதகரின் குளிர்ப்பெட்டி மூடி உடைந்து கிடந்தது. நான் எப்படியும் நகரத்துக்குப் போகிறவள். எங்கள் வீதிக்கு மீன் கொண்டுவருபவரிடம் மீனை ஐஸில் வைக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்று மிச்சமாக இருந்தது. மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். வெயிலில் காயவிட்டேன். அப்படியும் முல்லைத்தீவுக் கடல் அதை விட்டுப் போகவில்லை.

ஸ்கூட்டியின் பின்னால் வெள்ளைப் பெட்டி கட்டிக்கொண்டு காலையில் போகிறவர் மீன்காரராகத்தான் இருக்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்து நியாயம். முதல் நாளே நாலு இடத்தில் மறித்தார்கள். நாலாவது வீட்டில் ஒரு பெண் சட்டியோடு வாசல் படலைக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, நில்லுங்கோ! என்ன மீன்?"

"மீன் இல்லை. தண்ணி."

"ஐஸ் தண்ணியோ?"

"ஆத்துத் தண்ணி."

அவள் பெட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "ஆத்துத் தண்ணியை ஏன் ஐஸில வைச்சுக் கொண்டுபோறியள்? வெயிலுக்குப் பழுதாப்போயிடுமோ?"

"ஓம்," என்றேன். விளங்கப்படுத்தினால் ஐஸ் கரைந்துவிடும்.

அவள் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்: "இஞ்ச கேட்டியளே, ரவுணில ஆத்துத் தண்ணியும் வாங்கினமாம்!"

ஆய்வுகூடத்தில் இருந்தவர் வவுனியாவைச் சேர்ந்த ஒரு பெண். வணக்கத்துக்கு முன்னால் அவர் கேட்டது, "எத்தினை மணிக்கு எடுத்தது?" சொன்னேன். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எழுதினார். பெட்டியைத் திறந்ததும் ஒரு அடி பின்னால் போனார்.

"இதுக்குள்ள முந்தி என்ன இருந்தது?"

"பாரையும் சூடையும்."

"போத்தல் மூடி இறுக்கமாத்தான் இருக்கு. இந்தமுறை எடுக்கிறன். அடுத்தமுறை போத்தலை ஒரு புதுப் பொலித்தீன் பைக்குள்ள போட்டுக் கொண்டு வாங்கோ, அக்கா."

இரண்டு நாளில் முடிவு வந்தது. தேறவில்லை. அளவு எல்லையைக் கொஞ்சமாக அல்ல, நன்றாகவே தாண்டியிருந்தது.

ரீச்சர் கடதாசியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "சரி. எங்க இருந்து வருதெண்டு பாப்பம்," என்றார் பரிசோதகர். அடுத்த கிழமை மூன்று போத்தல்கள் கொண்டுவந்தார். ஒன்றை மேலே, துருசுக்குக் கிட்ட உள்ள துறையில் நிரப்பினார். இரண்டாவதை மாடு கடக்கும் இடத்தில், மூன்றாவதைக் கீழே, முதல்முறை எடுத்த அதே துறையில். நான் மூன்றையும் புதுப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு போனேன். படலைப் பெண் கை காட்டினாள், மறிக்கவில்லை.

மூன்று முடிவும் ஒரே தாளில் வந்தன. மேலே தேறியிருந்தது. மாடு கடக்கும் இடத்தில் எண்ணவே கஷ்டமாக இருந்ததாம். கீழே தேறவில்லை.

பரிசோதகர் தாளின் பின்பக்கம் ஒரு கோடு கீறி, அதில் மூன்று புள்ளி வைத்தார். பள்ளிக்கூட மண்டபத்து மேசையில் அதை மூவரும் குனிந்து பார்த்தோம். முதற்புள்ளி மேல்துறை. அது ஆம்பிளைகள் குளிக்கும் துறை. நடுப்புள்ளி மாட்டுப் பாதை. கடைசிப்புள்ளி கீழ்த்துறை. அது பெண்கள் குளிக்கும் துறை. குடியேற்றம் வந்த காலத்திலிருந்து அப்படித்தான். யார் வைத்த ஒழுங்கு என்று யாருக்கும் தெரியாது. ஆம்பிளைகள் வயலால் வருகிற வழியில் மேல்துறை இருக்கிறது, கீழ்த்துறையில் மறைப்பு இருக்கிறது, இப்படிக் காரணம் சொல்லலாம். நான் ஆறு வருடமாகக் கீழ்த்துறையில் குளித்தவள். ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை.

"அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் குளிச்சது?" என்றார் ரீச்சர்.

"அதைத்தான், ரீச்சர், கடதாசி சொல்லுது," என்றார் பரிசோதகர். அவர் கோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

கணக்கு இப்போது எளிது. மேல்துறை ஒருமுறை தேறிவிட்டது. இன்னொரு முறை தேறினால் கடிதம். ஆனால் மேல்துறையில் பெண்பிள்ளைகள் இறங்குவதற்கு ஆம்பிளைகள் விடவேண்டும். ஆற்றங்கரை விஷயங்கள் எல்லாம் எங்கள் பக்கத்தில் வயல் செய்பவர்களின் கமக்காரர் அமைப்புக்குத்தான் போகும். ஞாயிறு மாலை நாலரைக்கு அவர்களுடைய கூட்டம். ஆம்பிளைகள் இருபத்திமூன்று பேர், பெண்கள் ரீச்சரும் நானும். பசளை முதலாவது, துருசு மூடும் திகதி இரண்டாவது, மூன்றாவதாக "ரீச்சரின்ர விசயம்" என்று தலைவர் வாசித்தார். தலைவர் அறுபதைத் தாண்டியவர், நல்ல பகிடிக்காரர், கோபம் வந்து நான் கண்டதில்லை.

ரீச்சர் நின்றபடி சொன்னார். சனி, ஞாயிறு காலையில் ஏழிலிருந்து ஒன்பதரை வரை மட்டும். மேல்துறை.

"ஏன் ரீச்சர், பள்ளிக்கூட விறாந்தையில படுக்கவைச்சுக் கையைக் காலை அடிக்கப் பழக்கேலாதோ?" என்றார் பின்வரிசையில் ஒருவர். சிரிப்பு எழுந்தது.

"நீங்கள் விறாந்தையிலயோ பழகினனீங்கள்?"

"நாங்கள் ஆத்தில விழுந்து பழகினனாங்கள்."

"எந்தத் துறையில?"

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். "மேல்துறையிலதான்," என்றார் கடைசியில்.

"முதலை வந்தா என்ன செய்வியள்?" என்று இன்னொருவர்.

"மேல்துறையில முதலை இருக்கோ, அண்ணை?"

"இல்லை."

"அப்ப ஏன் கேக்கிறியள்?"

தலைவர் கையை உயர்த்தினார். "இஞ்ச பாருங்கோ ரீச்சர், பிள்ளையள் பழகவேணும், அதில மறுகதை இல்லை. ஆனா மேல்துறை ஆம்பிளையளின்ர. அது இருந்தபடி இருக்கட்டும். உங்களுக்கு என்ன பிரச்சினை, கீழ்த்துறைத் தண்ணிதானே? அதை நாங்கள் சரிப்பண்ணித் தாறம். ஒரு கிழமை தாங்கோ."

"மாட்டை வேற வழியால விடுவியளோ?"

"அதை எங்களிட்ட விட்டிட்டுப் போங்கோ."

எல்லாரும் தலையாட்டினார்கள். அவ்வளவு ஒற்றுமையான கூட்டத்தை நான் பத்திரிகையில் இருந்த காலத்திலும் அதிகம் கண்டதில்லை. குறிப்பில் எழுதிவைத்தேன்: எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் கிழமை பரிசோதகருக்கு டெங்கு வேலை. ஒரு போத்தலை எங்களிடம் தந்து, ரீச்சரைத் தன் முன்னால் ஒரு வாளித் தண்ணீரில் மூன்று தரம் எடுத்துக் காட்டச் சொன்னார். ரீச்சர் மூன்று தரமும் சரியாகச் செய்தார். "கழுவக்கூடாது" என்று ஒவ்வொரு தரமும் தனக்குத்தானே சொன்னார்.

கீழ்த்துறைக்கு நாங்கள் போனபோது ஆறு நாற்பது. மாடுகள் வழக்கம்போல மேலே கடந்து போயிருந்தன; கரையில் ஈரக் குளம்படிகள். ஆனால் தண்ணீர் மணத்தது. எனக்கு உடனே ஆஸ்பத்திரி நடைபாதை நினைவு வந்தது. கரையோரப் புல்லில் சின்ன மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒதுங்கியிருந்தன. எண்ணினேன். பதினான்கு.

ரீச்சர் இறங்கிப் போத்தலை நிரப்பினார். கரைக்கு வந்து சீட்டை முழங்காலில் வைத்து இடத்தையும் நேரத்தையும் எழுதினார். பேனை நின்றது.

"அக்கா, இந்த மீனையும் எழுதவேணுமோ?"

"குறிப்பு எண்டு ஒரு கட்டம் இருக்கு," என்றேன்.

"முதல்முறை அவர் அதில ஒண்டும் எழுதேல்லையே."

"முதல்முறை மீன் சாகேல்லை."

இந்தப் போத்தல் தேறாவிட்டால் கீழ்த்துறைக்கு ஒரு கிழமை வீண் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு நிமிடமாவது அந்த மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: மருந்து மணம் உண்டு. செத்த மீன் பதினான்கு. ரீச்சரின் எழுத்து குண்டு குண்டாக, தெளிவாக இருக்கும். கரும்பலகைக்குப் பழகிய கை.

இரண்டாம் நாள் ஆய்வுகூடத்திலிருந்து தொலைபேசி வந்தது.

"அக்கா, இது குழாய்த் தண்ணியோ?"

"ஆத்துத் தண்ணிதான். ஏன்?"

"ஒண்டும் இல்லை. பூச்சியம். எங்கட வீட்டுக் கிணறே இப்பிடிச் சுத்தமா வராது. எருமை படுக்கிற ஆத்தில பூச்சியம் எண்டா நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது? கீழ குறிப்பு எழுதினது ஆர்?"

"ரீச்சர்."

"நல்லவேளை எழுதினா. இதை நான் முடிவா எடுக்கமாட்டன்."

அன்று பின்னேரம் ஐந்து மணிக்குப் பரிசோதகர் வந்து, மாட்டுப் பாதைக்கும் கீழ்த்துறைக்கும் நடுவில் கரையோரமாக நடந்தார். மருதமரத்து வேரில் கயிறு. கயிற்றின் நுனியில், தண்ணீருக்குள், இரண்டு பழைய யூரியாப் பைகள். ஒன்றைத் தூக்கினார். உள்ளே வெள்ளைக் களி.

தலைவருக்கு ஆள் போய், தலைவரும் அமைப்பின் செயலாளரும் சைக்கிளில் வந்தார்கள். தலைவர் மறைக்கவில்லை. சந்தோஷமாகவே இறங்கினார்.

"என்ன, சுத்தமா வந்துதோ?"

"என்ன போட்டனீங்கள், ஐயா?" பரிசோதகரின் குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"குளோரின் தூள். வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்குப் போடத் தந்ததில மிச்சம் கிடந்தது. பைக்கு மணலும் கலந்து, மெல்ல மெல்லக் கரையிறமாதிரி. நீங்கள்தானே காட்டித் தந்தனீங்கள், கிணத்துக்கு எப்பிடிக் கட்டிறதெண்டு? அதேமாதிரித்தான் கட்டினனாங்கள்."

அது உண்மை. வெள்ளம் வடிந்த பிறகு வீடு வீடாகப் போய்க் கிணற்றில் குளோரின் கட்டக் காட்டிக்கொடுத்தவர் இதே பரிசோதகர்தான். இந்தப் பகுதியில் குளோரின் கட்டத் தெரியாத வீடு இல்லை. கட்டும் அழகாகக் கட்டப்பட்டிருந்தது, முடிச்சு கூட அவர் காட்டிய முடிச்சு.

"கிணறு நிக்குது, ஐயா. ஆறு போகுது," என்றார் பரிசோதகர். "நீங்கள் கட்டினது இந்த மீனைச் சாகடிச்சுப்போட்டு வயலுக்குப் போயிட்டுது. பையை அவிட்டா நாளைக்குத் திரும்பவும் மாடு."

"அப்ப பையை அவிழ்க்காமல் விட்டா?" என்றார் செயலாளர். அவர் உண்மையாகவே கேட்டார்.

பரிசோதகர் பதில் சொல்வதற்குள் வயல்வரம்பால் ஒரு பெண் வந்தார். தலைவரின் மனைவி. கையில் ஒரு நீலப் பூப்போட்ட வீட்டுச் சட்டை. அதை விரித்துக் கணவனின் முகத்துக்கு நேரே பிடித்தார். பூக்களில் பாதியைக் காணவில்லை. வெள்ளைத் திட்டுகள்.

"இது என்ன?"

"சட்டை," என்றார் தலைவர்.

"சட்டையெண்டு எனக்குத் தெரியும். முந்தாநாள் காலமை கீழ்த்துறையில தோய்ச்சது. நான் சவர்க்காரக் கடைக்காரனை வாய்க்கு வந்தபடி ஏசிப்போட்டு வாறன். அவன் பாவம். இப்பதான் செயலாளற்ற மனிசி சொல்லுறா, நீங்கள் ஆத்துக்கு மருந்து கட்டினதெண்டு. ஏன் கட்டினனீங்கள்?"

"தண்ணி சரியில்லையெண்டு கடதாசி வந்தது."

"எந்தத் துறைக்கு?"

தலைவர் பரிசோதகரைப் பார்த்தார். பரிசோதகர் பையைப் பார்த்தார். ரீச்சர்தான் சொன்னார்: "கீழ்த்துறைக்கு, அக்கா. மேல்துறைத் தண்ணி தேறினது."

தலைவரின் மனைவி சட்டையை மெல்ல மடித்தார். நாலாக மடித்துக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்ப உங்கட துறை நல்லம். எங்கட துறையில மாட்டுச் சாணி. அது தெரிஞ்சும், துறையை மாத்திக் குடுக்க ஏலாமல், எங்களை மருந்தில குளிக்கவிட்டனியள். வடிவாத்தான் யோசிச்சிருக்கிறியள்."

"ஒரு கிழமைக்குத்தானே..." என்றார் தலைவர்.

"பேசாமல் சைக்கிளை எடுங்கோ."

பைகள் அன்றே அவிழ்க்கப்பட்டன. அடுத்த நாள் காலை ஐந்து ஐம்பதுக்கு நான் வாளியோடு போனபோது கீழ்த்துறையில் யாரும் இல்லை. குரல்கள் மேலே கேட்டன. மேல்துறையில் ஒன்பது பெண்கள், குறுக்குக்கட்டோடு, நெஞ்சளவு தண்ணீரில். தலைவரின் மனைவி நடுவில் நின்று தலைக்கு ஷாம்பூ போட்டுக்கொண்டிருந்தார். "வா, வா, இஞ்ச கால் புதையாது!" என்று என்னைக் கூப்பிட்டார். உண்மைதான். அடியில் மணல். கீழ்த்துறையில் எப்போதும் சேறு.

ஆறு ஐந்துக்கு ஆற்று வளைவுக்கு அப்பால் ஒரு இருமல் கேட்டது. பெண்கள் குளிக்கும் பக்கம் வரும் ஆம்பிளை ஒருமுறை இருமிவிட்டு நிற்பது எங்கள் பக்கத்து வழக்கம். இருமல் கேட்டால் பெண்கள் துணியைச் சரிசெய்வார்கள், அல்லது கரையேறுவார்கள். யாரும் கரையேறவில்லை. இரண்டாவது இருமல். பிறகு வேறொரு தொண்டையிலிருந்து மூன்றாவது.

"தடிமன் பிடிச்சவை வீட்டில நில்லுங்கோ!" என்று கத்தினார் ஒரு பெண்.

"நாங்கள் குளிக்கவேணும்," என்றது வளைவு.

"கீழ்த்துறை வெறுமையாத்தான் கிடக்கு, போய்க் குளியுங்கோ!" இது தலைவரின் மனைவி.

வளைவுக்கு அப்பால் சைக்கிள் ஸ்டாண்டுகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும் சத்தம். நாலு சைக்கிள் என்று நினைக்கிறேன். அவர்கள் கீழ்த்துறைக்குப் போகவில்லை. வீட்டுக் கிணற்றுக்குப் போனார்கள்.

இது நாலு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் தலைவர் ஒரு தாளில் எழுதி மேல்துறை மரத்தில் ஒட்டினார். மேல்துறை காலையில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், பின்னேரம் ஆம்பிளைகளுக்கும் என்று கமக்காரர் அமைப்பு ஏகமனதாகத் தீர்மானித்துள்ளது. கூட்டம் எப்போது நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்; பழைய தொழிலில் அது முதற்கேள்வி. ரீச்சர் என் முழங்கையைக் கிள்ளியபடியால் விட்டுவிட்டேன்.

இதற்குள் ஒரு கிழமை கூடுதலாகப் போய்விட்டது. துருசு மூட எட்டு நாள் இருந்தது. ஞாயிறு இரவு கொஞ்சம் மழை தூறியபோது ரீச்சர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். மழைத்தண்ணீர் கரையிலிருப்பதை எல்லாம் ஆற்றுக்குள் இழுத்துவரும் என்று பரிசோதகர் சொல்லியிருந்தார்.

"அக்கா, உங்கட பக்கம் பெய்யுதோ?"

"முற்றத்து மண்ணில புள்ளி புள்ளியா இருக்கு. புள்ளி இன்னும் ஒண்டோடொண்டு சேரேல்லை."

"சேர்ந்தா சொல்லுங்கோ."

சேரவில்லை. திங்கள் காலை ஆறு பதினைந்துக்குப் பரிசோதகர் மேல்துறையில் இறங்கினார். பெண்கள் பத்து நிமிடம் கரையேறி நின்று பார்த்தார்கள். அவர் போத்தலைக் குப்புறப் பிடித்ததும், "ஐயா, கழுவேல்லை!" என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "கழுவக்கூடாது!" என்று அதைவிடச் சத்தமாகச் சொன்னவர் ரீச்சர். குறிப்புக் கட்டத்தில் பரிசோதகர் எழுதினார்: முதல்நாள் இரவு சிறு தூறல், மேலே மாடு இல்லை, மீன் உயிரோடு.

ஆய்வுகூடத்துப் பெண் சீட்டை வாசித்துவிட்டுச் சிரித்தார். "இந்தக் கட்டத்தை ஒருத்தரும் நிரப்பிறேல்லை, அக்கா. உங்கட பக்கம்தான் மீன்ர சுகத்தையும் எழுதி அனுப்பினம்."

புதன்கிழமை பின்னேரம் முடிவு வந்தது. எல்லைக்குள். முதல்முறை மேல்துறையில் வந்ததைவிடக் கொஞ்சம் கூட, ஆனாலும் எல்லைக்குள். வெள்ளிக்கிழமை மூன்று இருபதுக்குக் கடிதம் ரீச்சரின் கைக்கு வந்தது. மேல்துறையில் மட்டும், மழை பெய்தால் இரண்டு நாளைக்கு இறங்கக்கூடாது, காயம் உள்ள பிள்ளைகள் இறங்கக்கூடாது, தண்ணீரை விழுங்கக்கூடாது. ரீச்சர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, கல்விக் கந்தோர் பூட்ட முன்னால் கொண்டுபோக என் ஸ்கூட்டியில் ஏறினார். பெட்டியை அவிழ்க்க நேரமில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழியில் ஒரு வீட்டில் கை காட்டி மறித்தார்கள். நாங்கள் நிற்கவில்லை.

துருசு திங்கள் மூடுவதாக இருந்தது. ரீச்சருக்குக் கிடைத்தது ஒரு சனியும் ஒரு ஞாயிறும்.

சனி ஏழு மணிக்குப் பதினொரு பிள்ளைகள் வந்தார்கள், நீளக் காற்சட்டையும் ரீசேட்டும் போட்டுக்கொண்டு. நாலு தாய்மார் கரையில் இருந்தார்கள். அன்று நடந்ததில் பெரும்பகுதி அலறல். தண்ணீரில் முகத்தை வைக்க முதல் பிள்ளைக்கு முப்பத்தைந்து நிமிடம் எடுத்தது. ரீச்சர் ஒவ்வொருத்தியாகப் பிடரியில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் கொடுத்து மல்லாத்திப் படுக்கவைத்தார். "வானத்தைப் பார். என்னைப் பாக்காத. வானத்தைப் பார்." காது தண்ணீருக்குள் போனதும் பிள்ளைகள் எழும்பி ரீச்சரின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி ஆற்றில் விட்டாள். ஒரு தாய் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி அதைத் தேடி எடுத்தார். எடுத்தவர் கரையேறவில்லை. வரிசையின் கடைசியில் நின்றார்.

"நீங்களுமோ, அம்மா?" என்றார் ரீச்சர்.

"இறங்கியாச்சு, பிறகென்ன."

சனி முடியும்போது யாரும் மிதக்கவில்லை. அந்தத் தாயும் இல்லை.

ஞாயிறு எல்லாரும் திரும்பி வந்தார்கள். எட்டு ஐந்துக்கு முதல் பிள்ளையின் பிடரியிலிருந்து ரீச்சர் கையை எடுத்தார். அவளுக்கு அது தெரியாது, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினாறு விநாடி. ஒன்பதரைக்கு ரீச்சர் விசில் ஊதியபோது பதினொரு பிள்ளைகளில் ஏழு பேர் யாரும் பிடிக்காமல் மல்லாந்து மிதந்தார்கள். நாலு பேருக்கு இன்னும் வரவில்லை.